எல்லார் வீட்டிலும் பைக் நிற்கிறது, பிறகு என்ன கஷ்டம்?

இணைய விவாத இழையைத் தொடங்கிய வாசகர், 2025 மே 4

என் அப்பா காலத்தில் எங்கள் ஊரில் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். இன்று கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் பைக், ஆளுக்கொரு போன், பிரிட்ஜ். ரேஷன் அரிசி இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை. இத்தனைக்கும் பிறகு ஏற்றத்தாழ்வு, கடன், கந்துவட்டி என்று பேசுவது எனக்குப் பிடிபடவில்லை. வரவுக்கு மீறிச் செலவு செய்கிறார்கள், அவ்வளவுதான். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

நகை மதிப்பீட்டாளரின் பதில்கள், 2025 மே 5

பவானியில் குடியிருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளர் வேலை. நீங்கள் சொன்ன பைக்கும் பிரிட்ஜும் அந்த வீடுகளில் இருப்பது உண்மைதான். அந்த வீட்டு நகை வீட்டில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அது என் மேசைக்கு வருகிறது.

உரைகல்லில் உரசி மாற்றுப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து எடை எழுதிப் பையில் போட்டு சீல் வைப்பது என் வேலை. பல வருஷமாக ஒரே நகைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆளை மறந்தாலும் நகையை மறப்பதில்லை. கொக்கி வளைந்த செயின், ஒரு முத்து உதிர்ந்த ஜிமிக்கி, பின்பக்கம் ஈயம் வைத்துப் பற்றிய மோதிரம். வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, இரண்டு நாள் கழித்து திரும்ப உள்ளே போகும்.

போன வாரம் ஒரு தறிக்காரம்மா வந்தார். தாலிக்கொடி முன்பே உள்ளே இருக்கிறது, கழுத்தில் மஞ்சள் கயிறு. கவுண்டரிலேயே தோட்டைத் திருகிக் கழற்றினார். துவாரம் மூடிவிடாமல் இருக்கத் துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டே, "இன்னொரு ரெண்டாயிரம் சேர்த்து வராதுங்களாண்ணா?" என்று கேட்டார். மகனுக்குப் பாலிடெக்னிக் பீஸ். இதை வரவுக்கு மீறிய செலவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2025 மே 7

ஒருவர் புள்ளிவிவரம் கேட்டார். மூன்று மட்டும் தருகிறேன், மூன்றும் பொதுவில் இருப்பவை.

மத்திய அரசின் 2019 கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் மேல்தட்டுப் பத்து சதவீதக் குடும்பங்களிடம் மொத்தச் சொத்தில் 55.7 சதவீதம். கீழ்ப்பாதிக் குடும்பங்கள் எல்லோரிடமும் சேர்த்து 6.2 சதவீதம். கிராமத்தில் கீழ்ப்பாதிக்கு 10.2 சதவீதம். கிராமத்தில் துண்டு நிலமாவது இருப்பதால் அந்த நாலு புள்ளி கூடுதல் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, பொருளாதார அறிஞர் பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு. 2022-23இல் இந்தியாவின் உச்சி ஒரு சதவீதத்தினரிடம் நாட்டுச் சொத்தில் 40.1 சதவீதம், வருமானத்தில் 22.6 சதவீதம்.

மூன்றாவதுதான் எனக்கு நெருக்கமானது. ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு 2017இல் தந்த அறிக்கையில் சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தைப் பிரித்துப் பார்த்தது: 77 சதவீதம் நிலமும் வீடும், 11 சதவீதம் தங்கம், வைப்பு, காப்பீடு, பங்கு போன்ற நிதிச் சொத்தாக இருப்பது வெறும் 5 சதவீதம். தமிழ்நாட்டில் தங்கத்தின் பங்கு கால் பங்குக்கும் மேல். ஆக, அவசரம் என்று வந்தால் நம் ஊர்க் குடும்பம் கை வைக்கக்கூடிய ஒரே இடம் தங்கம். அதனால்தான் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது.

2025 மே 7, இரவு

விட்டுப்போன ஒன்று. வருமானத்தில் உள்ள வித்தியாசத்தைவிட சொத்தில் உள்ள வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டிருந்தீர்கள். என் தெருவையே சொல்கிறேன். இரண்டு பேர் ஒரே சாயப்பட்டறையில் ஒரே சம்பளம். ஒருவருக்கு அப்பா கட்டிய ஓட்டுவீடு இருக்கிறது, மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார். மற்றவர் அந்தப் போர்ஷனில்தான் குடியிருக்கிறார். ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கியதும் ஒருவர் பையிலிருந்து மற்றவர் பைக்கு வாடகை போகிறது. பத்து வருஷம் போனால் இருவரும் ஒரே வர்க்கமா? இருவருமே நல்லவர்கள், குடிக்காதவர்கள், பைக் வைத்திருப்பவர்கள்.

2025 மே 12

செலவுப் பழக்கம்தான் காரணம் என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சரி, பணத்துக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

அரசு ஊழியர் வீட்டுக் கடன் வாங்கினால் ஆண்டு வட்டி 8, 9 சதவீதத்தில் முடிகிறது. நகைக்கு வங்கியில் ஏறத்தாழ அதே அளவு. தனியார் நகைக்கடன் கம்பெனியில் கூடுதல். தனியார் நுண்கடன் கம்பெனிகள் கொடுக்கும் மகளிர் குழு லோன் 20க்கு மேல், பல இடங்களில் 24, 26. ஊரில் கைமாற்றுக்கு "மூணு ரூபா வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று, ஆண்டுக்கு 36. அதற்குக் கீழே இறங்கினால் தண்டல்.

காய்கறி வண்டிக்காரருக்குத் தண்டல் எப்படி வருகிறது? பத்தாயிரம் என்று பேச்சு. கையில் தருவது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள். "ஆயிரத்து ஐநூறுதானே, பதினஞ்சு பர்சென்ட்" என்று வாங்குகிறவரே சொல்வார். 8,500 ரூபாய் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. முதல் நாள் மாலையிலிருந்தே நூறு நூறாகத் திரும்பிப் போகிறது. கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது.

வட்டியைக் கூட்டுவது செலவுப் பழக்கம் அல்ல. சம்பளச் சீட்டு இருக்கிறதா, பட்டா இருக்கிறதா, பத்து கிராம் தங்கம் இருக்கிறதா, அதுதான். எதுவும் இல்லாதவர்தான் அதிகம் கட்டுகிறார். அப்படிக் கட்டுவதால்தான் அடுத்த வருஷமும் எதுவும் இல்லாமல் இருக்கிறார்.

2025 மே 13

"அப்படியானால் தண்டல் வாங்காமல் இருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு மார்க்கெட்டில் சரக்கு எடுக்க ரொக்கம் வேண்டும். எந்த வங்கி நாலு மணிக்குத் திறந்திருக்கிறது? தண்டல்காரர் அங்கேயே பைக்கில் உட்கார்ந்திருக்கிறார். கந்துவட்டியை நியாயப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் செய்கிற அந்த ஒரு வேலையை வேறு யாரும் செய்ய முன்வரவில்லை.

2025 ஜூன் 8

நகைக்கடன் பற்றி ரிசர்வ் வங்கியின் இறுதி விதிகள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டன. ஏப்ரலில் வரைவு வந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பும், முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்கு எழுதிய கடிதமும் நினைவிருக்கும். வரைவில் எல்லோருக்கும் நகை மதிப்பில் 75 சதவீதம்தான் கடன் என்று இருந்தது. இப்போது 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. நகைக்கு ரசீது இல்லாதவர் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். பாட்டி போட்ட வளையலுக்கு ரசீதை எங்கே போய்த் தேடுவது? அதைக் கேட்டார்கள் என்றால் பாதிக் கிராமம் வங்கிக்கே வந்திருக்காது. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு மாறிவிட வேண்டும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது மறு அடகு. முன்பெல்லாம் வருஷம் முடிந்தால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொள்வார்கள், அன்றே முடியும். 2024 செப்டம்பரில் நகைக்கடன்களில் நடக்கும் முறைகேடுகளைச் சுட்டி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன் பிறகு பல கிளைகளில் அசலும் வட்டியும் முழுதாகக் கட்டி நகையை மீட்டால்தான் மறுபடி வைக்கலாம் என்றார்கள். அசலைக் கட்டப் பணம் இருந்தால் அவர் ஏன் அடகு வைக்கிறார்?

விளைவு என்ன தெரியுமா? வங்கி வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு புதுத் தொழில் முளைத்தது. கமிஷன்காரர்கள் கைப்பையோடு உட்கார்ந்திருப்பார்கள். காலையில் கமிஷன்காரர் தரும் பணத்தைக் கட்டி நகையை மீட்க வேண்டும். நகை அவர் கையில் இருக்கும். மறுநாள் திரும்ப வைத்து, வந்த பணத்தில் அவர் அசலையும் ஒரு நாள் கமிஷனையும் கொடுத்துவிட வேண்டும். லட்சத்துக்கு இவ்வளவு என்று ரேட். அன்று ஒரு முதியவர் மீட்ட நகையை நான் கவுண்டரில் எண்ணிக் கொடுக்க, அவர் கைகூட நீட்டவில்லை. பின்னால் நின்ற கமிஷன்காரர்தான் வாங்கிப் பைக்குள் போட்டார். பெரியவர் தன் நகையைத் தொடாமலேயே மறு அடகு வைத்துவிட்டுப் போனார்.

விதி போட்டவர்கள் கடன் சுழன்றுகொண்டே இருக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். கடன் சுழல்வது நிற்கவில்லை, அதற்குமேல் ஒரு கமிஷன் ஏறியது. புதிய விதியில் வட்டியைக் கட்டினால் புதுப்பிக்கலாம் என்று இருப்பது பெரிய நிம்மதி. ஏப்ரல் வரை டீக்கடைத் தொழில் நடக்கும்.

2025 ஜூன் 9

அதே வெள்ளிக்கிழமைதான் ரெப்போ வட்டியையும் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) அரை சதவீதம் குறைத்து 5.5 ஆக்கினார்கள். பிப்ரவரியிலிருந்து மொத்தம் ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது. வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களுக்கு மாதத் தவணை குறையும். எங்கள் தெருவில் குழு லோன் கார்டுகள் எதிலும் வட்டி இறங்கவில்லை. கேட்டால் "உங்களுது பிக்சட் ரேட்டுக்கா" என்கிறார் வசூலுக்கு வரும் பையன்.

2025 ஜூன் 22

குழு லோன் பற்றி விரிவாகக் கேட்டதால் எழுதுகிறேன். என் வீட்டிலேயே நடந்தது, அதனால் கொஞ்சம் நீளும்.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் என் மனைவி ஒரு குழுவில் சேர்ந்தார். மதிப்பீட்டாளர் வீட்டில் குழு லோனா என்று கேட்கலாம். எங்களுக்கு வங்கியில் சம்பளம் கிடையாது, மதிப்பிடும் நகைக்கடனுக்குத் தக்கபடி கமிஷன்தான். பி.எஃப். இல்லை. போலி நகை ஒன்று தெரியாமல் போய்விட்டால் இழப்பு என் தலையில். வங்கிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தும் வங்கியில் எனக்குக் கடன் கிடைப்பது சுலபமில்லை, சம்பளச் சீட்டு இல்லையே.

நாற்பதாயிரம் கடன், இரண்டு வருஷம், மாதம் 2,115 டியூ. கம்பெனி ஆள் வாயால் சொன்னது "வருஷத்துக்குப் பதிமூன்றரை சதவீதம்தான்". மொத்தம் கட்டுவது 50,760. வட்டி 10,760 ரூபாயை நாற்பதாயிரத்துக்கும் இரண்டு வருஷத்துக்கும் வகுத்தால் பதிமூன்றரை வருகிறதுதான். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டு போகிறதே. குறையும் பாக்கிக்குப் போட்டால் 24 சதவீதம். இன்சூரன்ஸ், பைல் சார்ஜ் என்று முதலிலேயே பிடித்தது தனி. ஆண்டு வட்டியை உள்ளபடி எழுதிய விவரத் தாளைக் கடன் வாங்குகிறவருக்கு அவர் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2022இலிருந்தே விதி இருக்கிறது. கார்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்ததை நான் கண்ணாடி போட்டுப் படித்தேன்.

வட்டியைவிட என் மனைவியை உலுக்கியது சென்டர் மீட்டிங், அதாவது டியூ கட்டக் குழு கூடும் கூட்டம். பத்துப் பேர் குழுவில் ஒருவர் டியூ கொண்டுவராவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், கட்டும்வரை கலைய முடியாது. ஒரு நாள் மூன்றாவது வீட்டு அக்காவின் கணவருக்கு மில்லில் கை மாட்டிவிட்டது. அந்த அக்கா மீட்டிங்குக்கு வரவில்லை. ஒன்பது பெண்கள் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள், என் மனைவியும் போனார். திரும்பி வந்து இரவு சாப்பிடவில்லை. "அந்த அக்கா வீட்டு வாசல்ல நானே போய் நின்னேனுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் கடன் முடிந்ததும் அவர் விலகிவிட்டார்.

இதில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விதி: எல்லாக் கடன் தவணையும் சேர்த்துக் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடில்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன் என்ற வரையறையும் அப்போதுதான். அதே சமயம் அதுவரை இருந்த வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். குடும்ப வருமானம் எவ்வளவு என்று எழுதுவது யார்? கடன் கொடுக்கும் ஆள். தறி ஓடும் மாதத்தில் கேட்டு எழுதிக்கொள்வார், நூல் விலை ஏறித் தறி நிற்கும் மாதத்துக்கு யார் பொறுப்பு?

2025 ஜூன் 23

புதுச் சட்டம் வந்ததைப் பலரும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம், ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி இந்த மாதம் அமலுக்கு வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஒன்றை நினைவில் வையுங்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் தீக்குளித்தபோது அந்தச் சட்டத்துக்குப் பதினாலு வயது. சட்டம் இருப்பதை நம்பி எழுதிக் கொடுத்த மனு யார் மேசைக்குப் போகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் கேள்வி.

2025 ஜூலை 27

பள்ளிபாளையம் செய்தி வந்ததிலிருந்து எதுவும் எழுத ஓடவில்லை. எங்களுக்குப் பக்கத்து ஊர். விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்றிருக்கிறார்கள், புரோக்கர்கள் வைத்து நடந்திருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் "எப்படி மனசு வந்தது" என்று எழுதுகிறார்கள். தறியில் வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் முன்பணம் வாங்குவது இந்தப் பக்கத்தில் பழைய பழக்கம். வாங்கினால் அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. வேறு பட்டறைக்காரர் அந்த முன்பணத்தைக் கட்டி எடுத்துக்கொண்டால் போகலாம், கடன் அப்படியே இடம் மாறும். வாரக்கூலி. தறி நின்றால் கூலி இல்லை. அதன் மேல் குழு லோன், அதன் மேல் வாரவட்டி. நகை இருப்பவர் நகையை வைக்கிறார். நகை முடிந்தவரிடம் வைக்க என்ன இருக்கிறது?

இந்த இழையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. அவர்கள் வீட்டிலும் பைக் இருந்திருக்கும்.

2025 ஜூலை 29

"பைக்கை விற்றிருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரவு ஷிப்ட் முடித்து விடிகாலை வீட்டுக்கு வர அங்கே பஸ் கிடையாது. பைக் தவணையும் கடன்தான்.

2025 ஆகஸ்ட் 10

கொஞ்சம் வேறு பக்கம். கடன் என்றாலே சுரண்டல்தானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. என் நண்பர் கீரமங்கலத்துக்காரர், ஆடியில் மொய் விருந்து வைத்தார். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள், கறிச்சோறு, எழுத்துக்கு ஆள், பணம் எண்ண மிஷின். வருகிற மொய்ப் பணத்தில் நிலம் வாங்கியவர்கள் உண்டு, கிணறு வெட்டியவர்கள் உண்டு. வட்டி கிடையாது. அவரவர் முறை வரும்போது வாங்கியதற்குக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். நோட்டுதான் சாட்சி.

கேட்க அழகாக இருக்கிறது. முழுதும் நம்பிக்கையில் ஓடுவது. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை வற்றிவிட்டது, மொய்யும் தேய்ந்துபோனது என்றார். ஒருவருக்கொருவர் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு, ஊருக்கே அடி விழும்போது நிற்பதில்லை. அந்த இடத்தில் அரசு இருந்தாக வேண்டும். இன்னொன்றையும் அவரே சொன்னார்: நிலமில்லாதவர் மொய் நோட்டில் பெரிய தொகை யாரும் எழுதுவதில்லை.

ஏலச்சீட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான். கடைசிவரை பொறுத்து எடுப்பவருக்கு மற்றவர்கள் தள்ளிய தொகையில் வரும் பங்கு (கசர்) சேர்ந்து லாபம், முதல் மாதமே தொகையைக் குறைத்துக்கொண்டு (தள்ளி) எடுப்பவருக்கு நஷ்டம். முதல் மாதமே எடுக்கிறவர் யார்? வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தவர். பொறுக்க முடிந்தவரின் லாபம் பொறுக்க முடியாதவரிடமிருந்து வருகிறது. அதற்காகச் சீட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், 1982 சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். தீபாவளிச் சீட்டு பிடிப்பவர்களில் பலருக்கு அந்தப் பதிவே கிடையாது.

2025 செப்டம்பர் 16

உரிமைத்தொகை தொடங்கி நேற்றோடு இரண்டு வருஷம். இழையைத் தொடங்கியவர் அதைக் குறிப்பிட்டிருந்ததால் சொல்கிறேன். ஆயிரம் ரூபாய் என்ன செய்யும் என்றுதான் ஆரம்பத்தில் எனக்கும் தோன்றியது. இப்போது என் எண்ணம் வேறு. மாதாமாதம் தேதி தவறாமல் வருகிற பணம் என்று அந்த வீடுகளில் வேறு ஒன்றும் இல்லை. கணவர் கூலி ஒரு வாரம் உண்டு, ஒரு வாரம் இல்லை. பதினைந்தாம் தேதி கண்டிப்பாக ஆயிரம் வரும் என்று தெரிந்தால் மளிகைக் கடைக்காரர் கடன் கொடுக்கிறார், தண்டல்காரரைத் தேடிப் போக வேண்டியதில்லை. தொகை சிறிதுதான், தேதி தப்பாமல் வருவதுதான் அதன் பலம். திட்டம் தொடங்கிய மாதத்தில் சில வங்கிகள் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று இந்தப் பணத்தையே பிடித்துக்கொண்டதும், மாநில அரசு கண்டித்ததும் நடந்தது.

பெண்களுக்கான இலவச டவுன் பஸ்ஸும் அப்படி உதவுவதுதான். என் மனைவி இப்போது ஈரோட்டுக்கே போய்த் துணி எடுத்து வந்து தெருவில் விற்கிறார்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்மையில் உதவுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை, பெரிய ஆபரேஷன்கள் பல வீடுகளை மூழ்கடிக்காமல் போயிருக்கின்றன. ஆனால் படுத்திருக்கும் இரண்டு மாதக் கூலிக்கும், துணைக்கு இருப்பவர் இழக்கும் கூலிக்கும் காப்பீடு இல்லை. எங்கள் கவுண்டருக்கு ஆஸ்பத்திரி என்று சொல்லி வருகிறவர்களிடம் பேசினால் பெரும்பாலும் அந்தச் செலவுதான்.

2025 அக்டோபர் 9

பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஜனவரியில் அறுபதாயிரத்தைத் தொட்டபோதே வாயைப் பிளந்தோம்.

தங்கம் ஏறினால் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குக் கொண்டாட்டம் என்று டிவியில் ஒருவர் பேசினார். எங்கள் தெருவில் மூன்று வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் நாற்பது பவுன் லாக்கரில். உட்கார்ந்த இடத்திலேயே பத்து மாதத்தில் பன்னிரண்டு லட்சம் கூடியிருக்கிறது. இரண்டாவது வீட்டில் ஐந்து பவுன், எங்கள் கிளையில். விலை ஏறியதும் அதே நகைக்கு இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் கிடைக்கும் என்று சொல்கிறோம். வாங்குகிறார்கள். நகை அதே ஐந்து பவுன், கடன் மட்டும் வளர்ந்திருக்கிறது. விலை கொஞ்சம் இறங்கினால் ஏல நோட்டீஸ். மூன்றாவது வீட்டில் பொட்டுத் தங்கம் இல்லை, தையில் பெண்ணுக்குக் கல்யாணம். மூன்று பவுனாவது போடாமல் அனுப்ப முடியாது என்கிறார்கள். ஜனவரியில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில் முடிந்திருக்கும், இன்று செய்கூலி, சேதாரம் இல்லாமலே இரண்டு லட்சத்து எழுபதாயிரம். அதற்குக் குழு லோன் போட்டிருக்கிறார்கள்.

ஒரே விலை ஏற்றம். ஒரு வீட்டுக்குச் சொத்து, ஒரு வீட்டுக்குக் கடன், ஒரு வீட்டுக்குப் பாரம். வரவு செலவுக் கணக்கில் இது எங்கே தெரியும்?

2025 அக்டோபர் 11

வரதட்சணையை நிறுத்தினால் தீரும் என்று எழுதியவருக்கு: நிறுத்த வேண்டும். என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் அதைப் பேசவில்லை. ஆனால் மூன்றாவது வீட்டுக்காரரிடம் "போடாதே" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்தப் பெண்ணுக்கு நாளை ஆஸ்பத்திரி, பீஸ் என்று வந்தால் அடகு வைக்க அந்த மூன்று பவுன் தவிர வேறு எதுவும் இருக்காது.

2025 நவம்பர் 2

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்து, "ஒப்புக்கொள்கிறேன், இப்போதைக்கு ஒரு சாதாரணக் குடும்பம் என்ன செய்யலாம்" என்று கேட்டிருக்கிறார். கொள்கை மாற்றம் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். என் கவுண்டரில் நான் சொல்வது இவை.

ஏலத்துக்கு நோட்டீஸ் வந்தால் பயந்து வீட்டில் உட்காராதீர்கள், வங்கிக்கு வாருங்கள். பகுதிப் பணம் கட்டினாலும் பேச இடமுண்டு. ஏலம் போய்விட்டாலும் கடனுக்கு மேல் கிடைத்த மிச்சம் உங்கள் பணம். புதிய விதிப்படி ஏலத்தொகை வந்த ஏழு வேலை நாளில் அதைத் தந்தாக வேண்டும், ஆரம்ப விலையும் நகை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது (இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85). கேட்காமல் விட்ட மிச்சப் பணம் நிறைய இருக்கிறது. கடனை அடைத்த பிறகு வங்கி தன் தவறால் நகையைத் தாமதித்தால் நாளுக்கு ஐயாயிரம் ரூபாய் இழப்பீடு என்றும் விதியில் எழுதியிருக்கிறது.

விலை ஏறியதற்காகக் கூடுதல் கடன் தருகிறோம் என்றால், தேவை இருந்தால் மட்டும் வாங்குங்கள். என் கமிஷன் குறைந்தாலும் பரவாயில்லை என்று இதைச் சொல்கிறேன், கிளை மேலாளருக்கும் தெரியும்.

ஒரு குழு டியூ கட்ட இன்னொரு குழுவில் சேராதீர்கள். நுண்கடன் நிறுவனங்களின் அமைப்பே இந்த ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு மூன்று நிறுவனத்துக்கு மேல் கடன் கூடாது என்று வைத்திருக்கிறது. நாலாவது கம்பெனி வாசலுக்கு வந்தால் அந்த வரம்பைச் சொல்லுங்கள். மிரட்டினால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம்.

2025 நவம்பர் 5

மேலே எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டார்: "இதையெல்லாம் போன்ல எழுதறீங்க, நம்ம தெருவுல எத்தனை பேர் படிப்பாங்க?" நியாயமான கேள்வி. அவருடைய பழைய குழுப் பெண்களை ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறார். எல்லாக் கம்பெனிக் கார்டுகளையும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் உண்மையான வட்டி எவ்வளவு, இன்னும் எவ்வளவு பாக்கி, எதை முதலில் முடித்தால் மாதம் எவ்வளவு குறையும் என்று தனித்தனித் தாளில் போட்டுக் கொடுக்கப்போகிறேன். பவானி, குமாரபாளையம் பக்கம் யாராவது கணக்குத் தெரிந்தவர் துணைக்கு வந்தால் நல்லது, ஒரு ஆளால் முடியாது போலிருக்கிறது. கால்குலேட்டர் கொண்டுவாருங்கள்.